நாற்பது பேர் வேணும்னாங்க

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க. எனக்கு வெளியில பாக்க ஒண்ணுமில்ல, இருபத்தாறு வருசமா போய்வந்த ரோடு. இந்தப் பையை மட்டும் காலுக்கடியில வெச்சுக்கறேன். மேல வெச்சா நாம அசந்த நேரம் எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான். கடைசி சீட்டுல ரெண்டு பசங்க ஏறினாங்களே, தலைமுடி வெட்டியிருக்கற லட்சணத்தைப் பாத்தீங்களா? நான் தப்பா சொல்லல. ஜாக்கிரதையா இருக்கணும்ல.

நீங்க எதுவரைக்கும்? திருச்சியா, சரி. நான் மதுரையில இறங்கி வேற பஸ் பிடிச்சு சங்கரன்கோவில் போகணும். தம்பி வீடு. ஒரு பத்து நாள் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காங்க. பிரஷர் இருக்கு எனக்கு.

போன் அடிக்கட்டும், விடுங்க. எடுக்க மாட்டேன். காலையிலருந்து இது ஏழாவது தடவை. அஞ்சலான்னு ஒரு பொண்ணு. நான் வளர்த்த பொண்ணு. பெத்த அம்மா மீன் விக்கப் போயிடும், பன்னண்டு வயசுலருந்து என் மையத்துலதான் கிடந்தா. இன்னைக்கு என்கிட்டயே கேள்வி கேக்கறா. நல்லதுக்குக் காலமில்லங்க. சத்தத்தைக் குறைச்சு வெச்சுடறேன், உங்களுக்கும் தொந்தரவு.

மையம்னா இளைஞர் மையம். சென்னைக்குத் தெற்கே விடியல் நகர்னு ஒரு குடியிருப்பு, கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. கூவம் ஓரத்துல இருந்தவங்களையெல்லாம் குடிசையை இடிச்சு, லாரியில ஏத்தி, அங்க கொண்டுபோய்க் கொட்டினாங்க. எட்டு மாடி. லிஃப்ட்டு பாதி நாள் ஓடாது. அங்க போய் கோமதிக்கான்னு கேளுங்க, சின்னக் குழந்தை கூட கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விடும். விட்டுக்கிட்டு இருந்துச்சு. இப்போ எப்படியோ.

ஐயோ, அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க. 'ஸ்லம் பசங்க'ன்னு எங்க மையத்துல யாரும் சொல்லக் கூடாது, செவுத்துல எழுதியே ஒட்டியிருக்கோம். பாவப்பட்ட புள்ளைங்கன்னும் சொல்லக் கூடாது. அவங்க என்ன பாவம் பண்ணாங்க? உரிமை மறுக்கப்பட்டவங்க. அவங்களுக்கு நாம பிச்சை போடல, அவங்களுது அவங்க கைக்குப் போய்ச் சேரணும், அவ்வளவுதான். வேலைக்குப் போனா விலாசத்தைப் பாத்ததும் "சொல்லி அனுப்பறோம்"னு அனுப்பிடறானுங்க. ராத்திரி ஷிஃப்டு முடிஞ்சு வர்ற பையனைப் போலீஸ் நிறுத்திக் கைரேகை எடுக்கறாங்க. இதையெல்லாம் மேடையில பேச ஆரம்பிச்சேன்னா நிறுத்த மாட்டேன். நல்லாப் பேசுவேன், எல்லாரும் சொல்லுவாங்க.

எங்க மையத்துல ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் தரையில வட்டமா உக்காருவோம். நானும் தரையிலதான், நாற்காலி கிடையாது. ஒரு எவர்சில்வர் டம்ளர் சுத்தி வரும். அஞ்சலா அம்மா கல்யாணத்துக்கு வந்த டம்ளர், அடியில பேர் வெட்டியிருக்கும். யார் கையில டம்ளர் இருக்கோ அவங்கதான் பேசணும். உனக்காக அவன் பேசக் கூடாது, அவனுக்காக நீ பேசக் கூடாது. வட்டத்துல சொன்னது வட்டத்தை விட்டு வெளியில போகக் கூடாது. இந்த ரெண்டு ரூலும் நான் போட்டது. எந்தப் புத்தகத்துலயும் படிச்சுப் போடல, நானா யோசிச்சுப் போட்டேன். வாயே திறக்காத புள்ளைங்கல்லாம் அந்த டம்ளரைக் கையில வாங்கினதும் அழுது தீத்துருக்குங்க. டெல்லியிலருந்து வந்தவங்க கூட போட்டோ எடுத்துட்டுப் போனாங்க.

அஞ்சலாவுக்கு ஒரு தம்பி. லோகநாதன். லோகு. பத்தொம்பது வயசு. ஒரு சனிக்கிழமை தவறினது கிடையாது அவன். மத்த பசங்க வருவானுங்க, ரெண்டு மாசம் காணாமப் போவானுங்க, திரும்ப வருவானுங்க. இவன் அப்படியில்ல. பாய் விரிக்கறது, குடத்துல தண்ணி பிடிச்சு வைக்கறது எல்லாம் அவன்தான். ரத்தம், சிறுநீர் எல்லாம் டெஸ்ட் பண்ற படிப்பு இருக்குல்ல, அதுல நான்தான் சேத்து விட்டேன். ஆதார், டி.சி., போட்டோ எல்லாம் நானே ஜெராக்ஸ் எடுத்து, நானே ஃபாரம் எழுதி. கடைசி பரீட்சை அடுத்த வியாழக்கிழமை.

அவன் இப்போ ஜெயில்ல இருக்கான். இன்னைக்கோட நாப்பத்தேழு நாள்.

இல்லங்க, திருடல. அவன் திருட மாட்டான். ஆடிப் பதினெட்டு அன்னைக்கு மெயின் ரோட்டுல ஒரு அம்மா கழுத்துச் செயினை பைக்குல வந்து அறுத்துட்டுப் போயிருக்கானுங்க. அன்னைக்கு சாயங்காலமே ஸ்டேஷன்லருந்து வந்து ஆறு பேரை வண்டியில ஏத்திட்டாங்க. அஞ்சு பேரை மறுநாள் விட்டுட்டாங்க. லோகு மட்டும் "என்னை ஏன் சார் கூட்டிட்டு வந்தீங்க, காரணம் சொல்லுங்க"ன்னு கேட்டிருக்கான். கேக்கச் சொல்லிக் குடுத்தது நான்தான். காரணம் கேக்கறது உன் உரிமைன்னு சொல்லிக் குடுத்திருக்கேன். கேட்டான். அவனை மட்டும் நிறுத்திக்கிட்டாங்க.

எப்படி அந்த ஆறு பேரைப் பிடிச்சாங்கன்னு கேக்கறீங்க. கரெக்டா கேக்கறீங்க. அந்தக் கேள்வியிலதான் எல்லா வினையும் ஆரம்பிச்சுது.

போன தை மாசம் ஸ்டேஷன்ல பழைய இன்ஸ்பெக்டர் இருந்தார். நல்ல மனுசன், பொங்கலுக்கு எங்க பசங்களோட கபடி ஆடினார். அவர் மூலமா ஒரு திட்டம் வந்துச்சு. போலீஸும் தொண்டு நிறுவனமும் சேர்ந்து, வழி தவறிப் போற வாய்ப்புள்ள பசங்களுக்கு டிரைவிங் கத்துக்குடுத்து, லைசென்ஸ் எடுத்துக் குடுத்து, ஷூ, பந்து எல்லாம் குடுக்கறது. எவ்வளவு நல்ல விசயம், சொல்லுங்க? மேல இருக்கறவங்க ஒரு லிஸ்ட் கேட்டாங்க. பேர், போட்டோ, விலாசம், அப்புறம் 'ஆபத்து நிலை'ன்னு ஒரு கட்டம். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போடணும். மூணுன்னா அதிகம். மூணு போட்ட பேர் நாற்பது இருந்தாத்தான் திட்டம், இல்லைன்னா பக்கத்து ஏரியாவுக்குக் குடுத்துடுவாங்க.

நானே உக்காந்து எழுதினேன். நல்ல எண்ணத்துலதாங்க. எங்க புள்ளைங்க ஸ்டீயரிங் பிடிக்கணும்னுதான். பழைய இன்ஸ்பெக்டர் மாத்தலாகிப் போவார், புதுசா ஒருத்தர் ஆனி மாசம் வந்து உக்காருவார், அந்த லிஸ்டை மேசைக் கண்ணாடிக்கு அடியில வெச்சுக்குவார், எது நடந்தாலும் அதைப் பாத்துத்தான் ஆளைத் தூக்குவார்னு நான் கனவா கண்டேன்? பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்காப் போச்சு. பிடிச்சவங்களையா குத்தம் சொல்றது?

அஞ்சலா சொல்றா. ஸ்டேஷனுக்குப் போயிருக்கா, அந்த லிஸ்டைப் பாத்திருக்கா. அவ தம்பி போட்டோ. நான் படிப்புக்காக எடுத்து வெச்ச போட்டோ, அந்த நீலச் சட்டை. நேரா மூணு.

நேரா என்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்ல? வீட்டுக்கு வந்தா தோசை சுட்டுப் போட்டிருப்பேன், பேசியிருக்கலாம். வரல. சனிக்கிழமை வரைக்கும் பொறுமையா இருந்தா. வட்டத்துல அவ முறை வந்துச்சு. டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு, சத்தமே போடாம, "அக்கா, என் தம்பி பேருக்கு நேரா மூணு போட்டது யாரு?"ன்னு கேட்டா. கேட்டுட்டு டம்ளரைப் பக்கத்துல குடுக்காம எந்திரிச்சு வந்து என் கையில குடுத்தா.

இருபது பேர் பாத்துட்டு இருக்காங்க. இருபத்தாறு வருசம் அந்தப் புள்ளைங்களுக்காக உழைச்சவ நான். உடம்பெல்லாம் எரிஞ்சுது. "அது மையத்தோட முடிவும்மா"ன்னு சொன்னேன். பொய்யில்லையே? மையம் பேர்ல போன லிஸ்ட்தானே? சொல்லிட்டு டம்ளரை அடுத்த பையன்கிட்ட குடுத்தேன். அவன் ஒண்ணும் பேசல, அடுத்தவன்கிட்ட குடுத்தான். அவனும் பேசல. இருபது பேர் கையும் மாறி, ஒரு வார்த்தை இல்லாம, அந்த டம்ளர் திரும்ப என்கிட்டயே வந்துச்சு. என்ன திமிரு பாருங்க. யார் சொல்லிக் குடுத்தாங்களோ.

அப்புறம் அஞ்சலா இலவச வக்கீல் ஒருத்தரைப் பிடிச்சா. கெட்டிக்காரி, அதுல சந்தேகமில்ல. மொதல் தடவை ஜாமீன் கேட்டப்போ போலீஸ் அந்த லிஸ்டைத்தான் எடுத்து நீட்டியிருக்காங்க. "நாங்க சொல்லல ஐயா, இந்தப் பையனைச் சின்ன வயசுலருந்து பாத்த மையமே எழுதிக் குடுத்திருக்கு, ஆபத்தானவன்னு." ஜட்ஜும் என்ன பண்ணுவார்? தள்ளிட்டார். நாளைக்குக் காலையில பத்தரைக்கு மறுபடி வருது. வக்கீல் என்ன சொல்றார்னா, எழுதின ஆளே நேர்ல வந்து, இந்தப் பேரை இன்ன காரணத்துக்காக எழுதினேன், இவன்மேல ஒரு குத்தமும் கிடையாதுன்னு சொல்லி, ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டா போதுமாம். பையன் வெளிய வந்துடுவானாம், வியாழக்கிழமை பரீட்சையும் எழுதிடுவானாம்.

போதுமாமே! சொல்றவங்களுக்கு என்ன. எங்க செயலாளர் சார்கிட்ட கேட்டேன். மையம் நடத்தறதுல பெரியவர், நாலும் தெரிஞ்சவர். "கோமதி, நீங்க அப்படிச் சொன்னா லிஸ்டே பொய்னு ஆகும். திட்டம் போகும், மையத்தையே மூடிடுவாங்க. நூத்து நாப்பது புள்ளைங்க நடுத்தெருவுல நிக்கும். ஒருத்தனைப் பாப்பீங்களா, நூத்து நாப்பது பேரைப் பாப்பீங்களா?"ன்னார். "பத்து நாள் ஊருக்குப் போயிட்டு வாங்க, நீங்க எழுதின நோட்டையும் நீங்களே பத்திரமா வெச்சுக்கங்க"ன்னார். அதான் கிளம்பிட்டேன்.

ஆமாங்க, அந்த நோட்டுதான். பையில இருக்கு. டைப் அடிச்சுக் குடுக்கறதுக்கு முன்னாடி கையால எழுதினது.

லிஸ்ட் எப்படிப் பொய்யாகும்னு கேக்கறீங்களா? நான் பொய்னு சொல்லலையே. சார் சொன்னார். நீங்க நல்லாத்தான் கூர்மையா கேக்கறீங்க. டீச்சரா நீங்க?

சரி, உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, திருச்சியில இறங்கிடுவீங்க. நாற்பது பேர் வேணும்னாங்களா? நானும் அலைஞ்சு திரிஞ்சு பாத்தேன். நெசமாவே கஞ்சா, அடிதடின்னு இருக்கற பசங்க முப்பத்தொண்ணுதான் கிடைச்சாங்க. அதுலயும் பாதிப் பேர் போட்டோ குடுக்க மாட்டேன்னுட்டானுங்க, கெஞ்சி வாங்கினேன். மிச்சம் ஒன்பது. மறுநாள் கடைசி நாள். என் பீரோவுல யாரோட போட்டோ, யாரோட ஆதார் இருக்கும்? ஒழுங்கா வர்ற புள்ளைங்களோடதுதான் இருக்கும். தவறாம வர்றவன், பாய் விரிக்கறவன், படிக்கறவன். அவங்க காகிதம்தான் கைக்குக் கிடைச்சுது. அந்த ஒன்பது பேரை எடுத்து எழுதிட்டேன். யாருக்கு என்ன நஷ்டம்? லைசென்ஸ் கிடைக்கும், ஷூ கிடைக்கும். நல்ல புள்ளைங்களுக்கும் ஷூ வேணாமா?

அவங்களைக் கேக்கலதான். எங்க கேக்க நேரம்?

இன்னொரு கட்டம் வேற இருந்துச்சு, 'காரணம்'னு. வெறுமனே மூணு போட முடியாது, காரணம் எழுதணும். மத்த எட்டுப் பேருக்கு 'தந்தை இல்லை', 'தந்தை குடிப்பழக்கம்'னு எழுதினேன், அது பாதி வீட்டுல உண்மைதான். லோகுவுக்கு... அவன் ஒரு தடவை வட்டத்துல சொல்லியிருக்கான். ஆறாவது படிக்கறப்போ, புது ஸ்கூல்ல ஒரு வாத்தியார் "கூவம், நீ பின்னாடி போய் உக்காரு, நாத்தம்"னு சொல்லியிருக்கார். இவன் டஸ்டரைத் தூக்கி அவர்மேல வீசியிருக்கான். ஏழு வருசம் யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருந்தான், அக்காகாரிகிட்ட கூட. டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு சொன்னான். நான் எந்திரிச்சுப் போய் அவனைக் கட்டிக்கிட்டேன். "உனக்குக் கோபம் வந்தது நியாயம்டா, அது தப்பே இல்ல"ன்னு சொன்னேன். எல்லாரும் கை தட்டினோம்.

'ஆசிரியரைத் தாக்கியவர்'னு எழுதினேன்.

காரணக் கட்டத்துல வேற என்ன எழுதறது அவனுக்கு? தேடித் தேடிப் பாத்தாலும் வேற ஒண்ணுமே இல்லையே அவன்கிட்ட. அப்பா இருக்கார், குடிக்க மாட்டார். எனக்கு வேற வழியில்ல.

அஞ்சலா அதையும் ஸ்டேஷன்ல படிச்சிருக்கா. அவளும் அன்னைக்கு வட்டத்துல இருந்தவதானே. ஆனா பாருங்க, அதைப் பத்தி மட்டும் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அந்தச் சனிக்கிழமையும் கேக்கல, அப்புறமும் கேக்கல. அதைக் கேட்டுத் திட்டியிருந்தா எனக்கு இவ்வளவு பாரமா இருக்காது. நாப்பத்தேழு நாளா சோறு இறங்கல. அவன் உள்ள என்ன சாப்பிடறானோ. காரம் ஆகாது அவனுக்கு.

நேத்து வந்தா வீட்டுக்கு. வாசல்லயே நின்னா, உள்ள வரல. "அக்கா, நாளன்னைக்குப் பத்தரை மணி. நீங்க வந்து நின்னாப் போதும். வக்கீல் எல்லாம் எழுதி வெச்சிருக்கார்"னா. "உனக்காக நான் பேசக் கூடாதுன்னுதானே நம்ம ரூலு"ன்னேன். விளையாட்டாத்தான் சொன்னேன், சூழ்நிலையைக் கொஞ்சம் லேசாக்கலாம்னு. அவ சிரிக்கல. "அவனுக்காகப் பேச வேணாம்க்கா. நீங்க எழுதினதை நீங்க சொல்லுங்க"ன்னா. நான் "வர்றேம்மா, போ"ன்னு சொல்லி அனுப்பினேன். பிரஷர் அப்போவே ஏறிடுச்சு. இந்த உடம்பை வெச்சுக்கிட்டு எந்தக் கோர்ட்டுப் படி ஏறறது?

இது எந்த ஊரு, திண்டிவனம் தாண்டிட்டமா? அடுத்து விக்கிரவாண்டியில சாப்பாட்டுக்கு நிறுத்துவான். ஒண்ணும் நல்லா இருக்காது, பிஸ்கட் இருக்கு என்கிட்ட.

பாருங்க, மறுபடியும் அவதான். எட்டாவது தடவை.

உங்களை ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நினைக்காதீங்க. நீங்க எடுத்து, "அவங்க தூங்கறாங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன். என் குரலைக் கேட்டா அவ கண்டுபிடிச்சுடுவா. நீங்கன்னா ஒண்ணும் தெரியாது. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இந்தாங்க, அந்தப் பச்சையைத் தள்ளணும்.

தூங்கறாங்கன்னு... ம். ம், சொல்லுங்க.

என்ன கேக்கறா? நீங்க யாருன்னா? அய்யோ, பக்கத்து சீட்டுன்னு சொல்லாதீங்க... சொல்லிட்டீங்களே! பக்கத்து வீட்டம்மான்னு சொல்லியிருக்கலாம்ல. மதுரை பஸ்னு வேற... சரி. சரி, போச்சு. உங்களைச் சொல்லி என்ன, நான்தான் சரியாச் சொல்லிக் குடுக்கல.

வெச்சுட்டாளா?

என்ன சொன்னா? திட்டினாளா? பரவால்ல, சொல்லுங்க, நான் எல்லாம் கேட்டவதான்.

"அப்படியா, எழுப்பாதீங்க"ன்னா?

அப்புறம்? "பிரஷர் மாத்திரை சாப்பிட்டதும் போடணும், மறந்துடுவாங்க, ஞாபகப்படுத்துங்க"ன்னாளா. வேற? வேற ஒண்ணுமே சொல்லலையா? நாளைக்குக் கோர்ட்டைப் பத்தி? அழுதாளா? குரல் எப்படி இருந்துச்சு, நீங்க கேட்டீங்கல்ல, சொல்லுங்களேன்.

ஒண்ணும் இல்ல. எனக்குக் கண்ணுல தூசி. ஜன்னலைச் சாத்துங்க கொஞ்சம்.

வண்டி நிக்குது பாருங்க. இருபது நிமிசம்ங்கறார் கண்டக்டர். நீங்க இறங்கிச் சாப்பிட்டுட்டு வாங்க. என்னது? ஆமா, எதிர்ப்பக்கம் சென்னை போற பஸ்ஸும் நிக்கும், நிறைய நிக்கும், எனக்குத் தெரியாதா. இருபத்தாறு வருசமா போய்வந்த ரோடுன்னு சொன்னேன்ல.

இல்லங்க, நான் இறங்கல. இங்கேயே இருக்கேன். அந்தக் கடைசி சீட்டுப் பசங்க ரெண்டு பேரும் இன்னும் இறங்கல, பாத்தீங்களா? பையைப் பாத்துக்கணும்.